இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு

ஜனவரி 8

அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. பத்து வரியாவது படி, பிறகு உன் இஷ்டம். போன் செய்திருப்பேன். ஆனால் என் இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதில் பாதிதான் மிச்சம். அத்தனை வருடம் டிரம்ஸை வெளுத்து வாங்கியதற்குப் பலன். எதிரில் நிற்பவரின் வாயைப் பார்த்துச் சமாளிக்கிறேன். போனில் வாய் தெரியாதே.

போன மாதம் ஒரு தாடிக்காரர் என் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடைக்கு வந்தார். பழுதுபார்க்க ஏதாவது கொண்டுவந்தவர் என்று நினைத்து, "எங்க சார், வண்டியில இருக்கா?" என்றேன். அவர் பையிலிருந்து நம் 'ஈரச்சுவர்' இசைத்தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நாய்கூடச் சீண்டாமல் பெட்டி பெட்டியாக எடைக்குப் போட்டோமே, அதே தட்டு. நாம் வாசித்ததற்குப் பெயர் போஸ்ட் பங்க்காம், வெளிநாட்டில் அது ஒரு ராக் இசை வகையாம். "உங்க மூணு பேரையும் யாரும் கவனிக்காம விட்டுட்டாங்க சார்" என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறந்துபோன தட்டுகளை மறுபடியும் கொண்டுவருகிற சின்னக் கம்பெனி அவருடையது. முதல் பக்கத்தில் பழைய பாட்டுகள். இரண்டாம் பக்கத்தில், வெளியே வராமலே போன நம் கடைசி ஒலிப்பதிவு. அந்த நாடாவைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் டிரம்ஸுக்கு என் கையெழுத்து, பேஸ் கிட்டாருக்கு உன் கையெழுத்து. பாடிய அத்தானுக்காகவும் மனைவி என்ற முறையில் நீதான் போட வேண்டும்.

அத்தானுக்கு நாம் செய்யக்கூடியது இது ஒன்றுதான். மறுக்காதே.

தம்பி

ஜனவரி 19

தம்பிக்கு,

காது போன விஷயம் வருத்தமாக இருக்கிறது. அது வேறு, இது வேறு.

போஸ்ட் பங்க்காம்! மாடி வீட்டு அம்மா நம் பாட்டுக்கு என்ன பெயர் வைத்திருந்தாள், மறந்துவிட்டாயா? "யாரோ தகரத்தை அடிச்சுக்கிட்டே அழறாங்க" என்று வீட்டுக்காரரிடம் புகார் சொன்னாள். அவளுக்குத்தான் உண்மையான இசை ஞானம்.

கட்டிய பெண்டாட்டியை அம்போ என்று விட்டுவிட்டுப் போன மனுஷனுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டுமா? நீதானே பார்த்தாய், அவர் பின்வாசல் வழியாக வந்து பேருந்தில் ஏறியதை? திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று, சொல்ல மனம் வராமல் சில வாரம் கழித்து நீதானே வந்து சொன்னாய்? போலீஸில் புகார் கொடுக்கலாமா என்று கேட்டேன். "தானா போனவரை எதுக்குக்கா தேடணும், மானம்தான் போகும்" என்றவனும் நீதான். இப்போது அவருக்கு விழா எடுக்கக் கிளம்பியிருக்கிறாய்.

இன்னொன்று. "அத்தானுக்கு நாம் செய்யக்கூடியது" என்று எழுதியிருக்கிறாயே, செத்தவருக்குச் செய்கிற மாதிரி! எங்கேயோ இன்னொருத்தி கையால் சாப்பிட்டுத் தொப்பை போட்டுக்கொண்டு ஜம்மென்று இருப்பார் அவர். தட்டு வெளியே வந்தால் பங்கு கேட்டுக்கொண்டு வந்தாலும் வருவார்.

எனக்குப் பயிற்சிக்கு இருபது பேர் காத்திருக்கிறார்கள். அதில் பாதிப் பேருக்குப் பிரேக் எது, கிளட்ச் எது என்றே தெரியாது. நான் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம். இந்தப் பழைய குப்பையைக் கிளறாதே. நீயும் அந்தப் பாழடைந்த சோடாக் கம்பெனிக் கட்டடத்தை விட்டு வெளியே வா. கீழே ஒத்திகை பார்த்தோம், சரி. மேலேயே கடை போட்டு, அங்கேயே படுத்து, இத்தனை வருடமாக என்னதான் செய்கிறாய்?

அக்கா

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

திட்டித்தான் எழுதுவாய் என்று தெரியும். எழுதினாயே, அதுவே சந்தோஷம்.

தாடிக்காரர் நாடாவைச் சுத்தம் செய்ய ஒரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். காதுக்காரி என்றுதான் கம்பெனியில் எல்லாரும் அவளைக் கூப்பிடுகிறார்கள். ஈ பறந்தால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவாள் என்று கேலி. நம் நாடாவை அவள் அடுப்பில் வைத்தாள்! பிஸ்கட் சுடுகிற மாதிரி, மிதமான சூட்டில், ஒரு பகல் முழுக்க. பழைய நாடா ஈரம் குடித்துப் பிசுபிசுத்துப் போயிருக்குமாம், சுட்டால்தான் ஓடுமாம். வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன், பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்த மாதிரி.

அத்தான் குரலைக் கேட்டுவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "இவர் எங்க நின்னு பாடறார்?" என்பதுதான். தரைக்கு அடியில் இருந்த காலி இரும்புத் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். உள்ளறையில் அத்தான் பாடுவது தொட்டிக்குள் இருக்கும் ஒலிபெருக்கிக்குப் போகும், அங்கே தொங்கும் மைக் அந்த எதிரொலியைப் பிடித்து நாடாவுக்கு அனுப்பும் என்று. "இப்படி ஒரு ஈரமான குரலை நான் கேட்டதே இல்லை" என்றாள்.

இன்னொரு வேடிக்கையும் சொன்னாள். நாடா சுருளாகவே கிடந்தால் ஒரு சுற்றின் சத்தம் அடுத்த சுற்றில் லேசாகப் படிந்துவிடுமாம். ஈரத்துணியில் சாயம் ஒட்டுவது போல. அதனால் நம் பாட்டு ஒவ்வொன்றும் தொடங்குவதற்கு முன்னாலேயே மிக மெல்லிதாக ஒரு தடவை கேட்கிறதாம். எனக்குக் கேட்காது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி, "இதோ, இப்ப" என்று காட்டினாள்.

கையெழுத்துப் போடு அக்கா.

தம்பி

பிப்ரவரி 14

தம்பிக்கு,

போட்டு அனுப்பியிருக்கிறேன். உன் பிரசவ அறைக் கதையைப் படித்துச் சிரித்துத் தொலைத்துவிட்டேன், அதனால்தான். ஒரு நிபந்தனை. மாதிரித் தட்டு வந்ததும் முதலில் என் கைக்கு வர வேண்டும். நான் கேட்டுச் சரி என்றால்தான் மற்றது.

தொட்டி என்று எழுதினாயா, எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. டிரம்ஸ் சத்தம் உள்ளே போகாமல் அதற்கு மூடி போடுவது என் வேலை. பிணம் கனம் கனக்கும் அந்த இரும்பு மூடியைக் காலால் தள்ளி, "மூடுறேன்!" என்று கத்துவேன். உள்ளறையிலிருந்து, "மூடு வாயாடி!" என்று பதில் வரும். அந்தப் பதில் வந்தால்தான் நீ குச்சியைத் தட்டுவாய். உலகத்தில் வேறு எந்தக் குழுவிலாவது இப்படி ஒரு கூத்து உண்டா?

கடைசி நாள் மட்டும் அது நடக்கவில்லை. நான் ஓட்டுநர் வேலைக்குப் போகிறேன் என்றதற்குக் காலையில் எங்களுக்குள் பெரிய சண்டை, பேச்சுவார்த்தை இல்லை. பேசாத மனுஷனிடம் எதற்குச் சொல்லிவிட்டு மூட வேண்டும் என்று எனக்கு வீம்பு. வாயைத் திறக்காமல் மூடியைத் தள்ளிவிட்டு உனக்குக் கண் காட்டினேன். நாம் இரண்டு பேரும் முழுப் பாட்டையும் வாசித்தோம். அவர் குரல் வரவே இல்லை. உள்ளறையில் எட்டிப் பார்த்தால் ஆளைக் காணோம், பின்கதவு திறந்து கிடக்கிறது. பாட்டுக்கு நடுவில் எழுந்து போகிற அளவுக்கு என்ன கோபமோ மகாராஜாவுக்கு!

தட்டு வரட்டும்.

அக்கா

மார்ச் 20

தம்பிக்கு,

தட்டு வந்தது. இதற்காகவே இசைத்தட்டு போடும் சுழல்மேசை ஒன்றும் வாங்கி அலுவலக அறையில் வைத்தேன். பட்டப்பகல், வெளியே மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மின்விசிறி ஓடுகிறது. அப்படி இருந்தும் பயந்துவிட்டேன்.

காதுக்காரி சொன்னது சரிதான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், பக்கத்து அறையில் யாரோ வாய்க்குள்ளேயே பாடிப் பார்ப்பது போல அவர் குரல் கேட்கிறது. பிறகுதான் பாட்டு வருகிறது. முதல் தடவை எழுந்துபோய்ப் பக்கத்து அறையைத் திறந்தே பார்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லிவிடாதே, என் மானம் போகும்.

நான் எழுத வந்தது அது இல்லை. கடைசிப் பாட்டு, குரல் இல்லாத அந்தப் பாட்டு முடிகிறது. கொஞ்ச நேரம் வெறுமை. அப்புறம், நாடாவில் முன்பே இருந்து அழியாமல் மிஞ்சிய நம் பழைய ஒத்திகைத் துண்டு ஒன்று. அந்த வெறுமையில் ஒரு பெண் பேசுகிறாள். கொசு ரீங்கரிக்கிற அளவுக்குத்தான். திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டேன். அது நான். "போனா போய்த் தொலையட்டும்!" என்று கத்துகிறேன். அன்றைக்கு உள்ளறையைப் பார்த்துவிட்டு வந்து நான் சொன்ன அதே வார்த்தை.

எனக்குப் புரியாதது இதுதான். மற்றப் பாட்டுகளில் மெல்லிய சத்தம் முதலில் வருகிறது, உண்மையான சத்தம் பின்னால் வருகிறது. இங்கே மெல்லியது மட்டும்தான் இருக்கிறது. உண்மையான சத்தம் வரவே இல்லை. நான் கத்தியது எங்கே போயிற்று?

கதவைத் தட்டி ஒரு மாணவி, "மேடம், உள்ள யார் கூட இருக்காங்க? ஆம்பள குரல் கேட்டுச்சு" என்றாள். அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது குரல் இல்லாத பாட்டுதான். ஊசியை எடுத்துவிட்டேன்.

அக்கா

மார்ச் 27

அக்கா,

அது வெறும் இரைச்சல். பழைய நாடாவில் ஆயிரம் சத்தம் இருக்கும், மனது அதில் வார்த்தையைத் தேடும். கடைசிப் பாட்டை எடுத்துவிடச் சொல்லித் தாடிக்காரருக்குச் சொல்லிவிட்டேன். குரலே இல்லாத பாட்டு யாருக்கு வேண்டும்? உன்னிடம் இருக்கும் தட்டைத் தயவுசெய்து திருப்பி அனுப்பு. இனிமேல் அதைப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

தம்பி

ஏப்ரல் 4

தம்பிக்கு,

நன்றாக இருக்கிறதடா நியாயம். கையெழுத்துப் போடு போடு என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியவன், போட்டபிறகு வேண்டாம் என்கிறாய். வேண்டாம் என்று கத்தியவள் நான், இப்போது வேண்டும் என்கிறேன். கடைசிப் பாட்டு இருந்தே ஆக வேண்டும் என்று தாடிக்காரரிடம் சொல்லிவிட்டேன். நான் சரி என்று சொல்லாமல் அவரால் ஒரு தட்டும் போட முடியாது.

காதுக்காரியிடமும் போனில் பேசினேன். நல்ல பெண். அந்த வெறுமையில் நாடா வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது என்றாள். நடுவில் ஒரு துண்டைக் காணவில்லை. வெட்டுவதற்கு முன் அது சில வாரமாவது சுருளுக்குள் கிடந்திருக்கிறது. அதனால் அதன் தொடக்கம் முன்சுற்றிலும் முடிவு பின்சுற்றிலும் படிந்துவிட்டது. "வெட்டினவங்க துண்டைத்தான் எடுத்தாங்க மேடம். அதோட நிழல் தங்கிடுச்சு" என்றாள்.

எப்படி வெட்டியிருக்கிறது என்று கேட்டேன். நேர்க்கோடாக, குறுக்கே என்றாள். அவர் ஒருநாளும் நேராக வெட்டியதில்லை தம்பி. சாய்வாக வெட்டினால்தான் ஒட்டு காதில் விழாது என்று நமக்கு வகுப்பெடுத்தே உயிரை வாங்குவார். நேராக வெட்டுகிறவன் நீ. காய் நறுக்கச் சொன்னாலும் அப்படித்தான் நறுக்குவாய்.

நான் கத்தியதை எதற்கு வெட்டினாய்? நான் கத்தாத நாள் உண்டா? அது மட்டும்தானா அதில் இருந்தது?

அந்த இரண்டு இடத்தையும் கழுவித் துடைத்துத் தனியாக எனக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதைக் கேட்காதே. காதுக்காரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

நீ அவர்மேல் கோபமாக இரு. இதுவரை எப்படி இருந்தாயோ அப்படியே இரு. அந்தக் கோபத்தில்தான் நீ வண்டி ஓட்டினாய், பள்ளி வைத்தாய், யார் தயவும் இல்லாமல் வீடு கட்டினாய். விட்டுப் போனவர் போனார் என்று தலை நிமிர்ந்து நடந்தாய். அதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும்?

நான் ஏன் இங்கேயே கிடக்கிறேன் என்று கேட்டிருந்தாய். யாராவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டடத்தை விலைக்குக் கேட்டு வந்தவர்களை எல்லாம் ஏதாவது சொல்லித் துரத்தியிருக்கிறேன். காது போனதிலிருந்து எனக்கு எல்லாமே தரை வழியாகத்தான் கேட்கிறது. லாரி போனால் உள்ளங்காலில் தெரியும். சில நாள் தெருவில் ஒன்றுமே போகாது, தரை மட்டும் அதிரும். கடைசிப் பாட்டின் தாளம் அது. நான் வாசித்த தாளம், எனக்குத் தெரியாதா? அதற்குப் பழகிவிட்டேன். நான் பழகியது போதும். உனக்கு அது வேண்டாம்.

பழைய அக்காவாகவே இரு. என்னைத் திட்டி எழுது.

தம்பி

ஏப்ரல் 29

தம்பிக்கு,

கேட்டுவிட்டேன்.

முதல் துண்டில் நான், "போனா போய்த் தொலையட்டும்!" என்று கத்துகிறேன். அதற்கு அடியில் இன்னொரு குரல். காதுக்காரி என் குரலைத் தணித்து அதைத் தூக்கிவிட்டிருந்தாள். "வாயாடி... மூடிட்டியா? நான் உள்ள இருக்கேன்." அவ்வளவுதான், அங்கே வெட்டு. இரண்டாவது துண்டில் அவர் பாடுகிறார். கடைசிப் பாட்டின் கடைசி வரி, குழறிக் குழறி, தூக்கத்தில் சிரிக்கிற குழந்தை மாதிரி. பிறகு ஒத்திகைத் துண்டு வந்துவிடுகிறது. நீ இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் பின்னால் ஓடிவந்த நேரம் அது.

அவர் வெளியே போகவில்லை. தொங்கும் மைக்கைச் சரிசெய்யத் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறார். அதன் வயர் கழன்றிருந்ததால்தான் பாட்டில் அவர் குரல் பதியவில்லை, இருட்டில் தடவி மாட்டியபிறகு பேசியதுதான் பதிந்திருக்கிறது. நான் வழக்கம்போல் ஒரு சத்தம் கொடுத்திருந்தால், "இருடி, ஏறிடறேன்" என்று சொல்லியிருப்பார். கொடுக்கவில்லை. மூடினேன். உன் டிரம்ஸும் என் பேஸும் முழங்கியதில், அவர் தட்டியதும் கத்தியதும் நமக்குக் கேட்கவில்லை. வாசித்து முடித்துவிட்டு நான் வெகுநேரம் அந்த மூடியின்மேல் நின்றுகொண்டுதான் அவரைத் திட்டினேன். என் செருப்புக்கு அடியில் இருந்தார்.

தண்ணீர்த் தொட்டி கழுவுகிற ஒருவர் என்னிடம் வண்டி பழகுகிறார். சும்மா கேட்பது போல் கேட்டேன். துருப்பிடித்த இரும்புத் தொட்டியில் துருவே காற்றைக் குடித்துவிடுமாம். "மூடிட்டா கொஞ்ச நேரம்தான் மேடம் தாங்கும். ஆனா வலி தெரியாது. போதை மாதிரி சிரிச்சுக்கிட்டே தூங்கிடுவாங்க" என்றார். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தேன்.

பேருந்தில் ஏறியதைப் பார்த்தேன் என்றாயே, பாவி. அன்றே உனக்குத் தெரியுமா, வாரங்கள் கழித்து நாடாவைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை. வாரங்கள் கழித்துத்தான் என்று நாடாவே சொல்கிறது. உன் மனது எனக்குத் தெரியும். கொன்றவள் என்று வாழ்வதைவிட, கைவிடப்பட்டவள் என்று வாழட்டும் என்று நினைத்திருக்கிறாய். யாரடா உன்னைக் கேட்டது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? கண்ணாடி பார்க்கும்போதெல்லாம், என்னிடம் என்ன குறை என்று பொருமிப் பொருமி நான் கிழவியாகிவிட்டேன். யார் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டாலும், இவனும் ஒருநாள் எழுந்து போவான் என்று துரத்தினேன். அதை எந்தக் கணக்கில் வைத்தாய்?

இதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கேட்டு முடித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அவர் போகவில்லை என்ற சந்தோஷம். இங்கேதான் இருந்திருக்கிறார், என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று சிரித்தேன். பைத்தியக்காரி மாதிரி சிரித்தேன். அழுகை பிறகுதான் வந்தது, இன்னும் நிற்கவில்லை.

போலீஸில் சொல்லிவிட்டேன். சொல்லாமல் மூடியது நான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாடாவை வெட்டியது யாரென்று கேட்டார்கள், தெரியாது என்றேன். செவ்வாய்க்கிழமை காலை அவர்களோடு வருகிறேன். அதற்குள் நீயாக மூடியைத் தொடாதே, இறங்காதே. கடையை அடைத்துவிட்டு வெளியே வந்து தெருவில் நில். இத்தனை வருடம் காவல் இருந்தது போதும்.

தட்டு வெளியே வரட்டும். கடைசிப் பாட்டோடு.

எனக்கு உன்னிடமிருந்து ஒன்றே ஒன்று வேண்டும். முதலில் கூப்பிடுகிறார், கடைசியில் பாடுகிறார். நடுவில் என்ன இருக்கிறது? என்னைச் சபித்தாரா, கெஞ்சினாரா, மன்னித்தாரா? இரண்டு வாரமாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. நீ வெட்டிய அந்தத் துண்டை எரித்திருக்க மாட்டாய். அவர் குரலை எரிக்க உனக்குக் கை வந்திருக்காது. அதை எடுத்து வை. அதில் என்ன இருக்கிறது என்று எழுதாதே, கண்ணாலும் காட்டாதே. அவர் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா